மஞ்ச விளக்கு எரிஞ்சா மலை இறங்காதீங்க

போன வைகாசியில நடந்த விஷயம் இது. அப்பவே எழுதியிருக்கணும். பலா முடிஞ்சா மிளகுக்கொடிக்கு நிழல் கழிக்கிற வேலை, அது முடிஞ்சா வாழைத்தார்னு தள்ளிக்கிட்டே போயிருச்சு.

சோளக்காட்டுச் சந்தைக்குப் போக மிச்சமான பலாப்பழத்தை நாங்க ரோட்டோரமா அடுக்கி வைப்போம். காரவள்ளிக்கு இறங்குற டூரிஸ்டுகாரங்க வண்டிய நிறுத்தி வாங்குவாங்க. அன்னைக்கு நானும் என் சம்சாரமும் ஒரு வளைவுக்குக் கொஞ்சம் கீழ உக்காந்திருந்தோம். மேல இருந்து ஒரு வண்டி வந்துச்சு. நாலு பக்கமும் உசத்தி, என் இடுப்பு உயரத்துக்கு டயர், முன்னால இரும்பு பம்பர், மேல கூடாரம். அதே நேரம் பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டி ரோட்டுக்கு ஓடிருச்சு. டிரைவர் தம்பி பிரேக்கை மிதிச்சார். ஸ்டியரிங்கைத் திருப்புறதும் எனக்குக் கண்ணுக்குத் தெரியுது. முன் சக்கரம் ரெண்டும் திரும்பித்தான் இருக்கு. வண்டி மட்டும் திரும்பல. கிறீச்சுனு நேரா எங்களைப் பாத்து வருது.

சம்சாரத்தைக் கையப் பிடிச்சு இழுத்தேன். பதினோரு பழம் போச்சு. கன்னு தப்பிச்சுது. நாங்களும் தப்பிச்சோம், அவ்வளவுதான்.

தம்பிக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். கை நடுங்குது. இறங்கினவுடனே அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஏபிஎஸ் இருக்குங்கண்ணா, எப்படிங்க இப்படி ஆச்சு?"

ரோட்டுல ரெண்டு கறுப்புக்கோடு, கோல் வச்சுப் போட்ட மாதிரி நேரா இருந்துச்சு. சக்கரம் சுத்தாம இழுத்துக்கிட்டு வந்தாத்தான் அப்படிக் கோடு விழும். ஏபிஎஸ் வேலை செஞ்சிருந்தா அந்தக் கோட்டுக்கே இடமில்ல. வண்டிக்குள்ள எட்டிப் பாத்தேன். டேஷ்போர்டுல ஏபிஎஸ்னு எழுதின மஞ்ச விளக்கு எரிஞ்சுக்கிட்டிருக்கு. கேட்டா, "மூணு வாரமா எரியுதுங்க. பெரிய டயர் போட்டா அப்படித்தான் எரியும்னு வேலை செஞ்ச இடத்துல சொன்னாங்க"ன்னார்.

இதுக்குத்தான் இந்தப் பதிவு.

என் மச்சான் நாமக்கல்ல பிரேக் வேலை பாக்குறவர். நாமக்கல் லாரி ஊருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னைக்குச் சாயங்காலம் போன்ல சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "லிஃப்ட் கிட் போட்டிருக்கா மாமா?" வண்டிய உசத்தினா, சக்கரத்துல இருந்து வர்ற சென்சார் ஒயர் இழுபடும். அதுக்கு நீளம் விட்டிருக்க மாட்டாங்க. ஒரு பள்ளத்துல சக்கரம் தொங்குச்சுன்னா ஒயர் பிச்சுக்கும். ஒரே ஒரு சென்சார் போனாலும் பெரும்பாலான வண்டியில ஏபிஎஸ் முழுசா ஒதுங்கிக்கும். சாதா பிரேக் இருக்கும், அதனால ஓட்டுறவருக்கு வித்தியாசமே தெரியாது. எமர்ஜென்சியா மிதிக்கிற அந்த ஒரு நாள் வரைக்கும்.

ஏபிஎஸ்ங்கிறது பெரிய மாயம் ஒண்ணுமில்ல. ஒவ்வொரு சக்கரத்துலயும் பல்லு வச்ச ஒரு வளையம், பக்கத்துல சென்சார். எந்தச் சக்கரம் என்ன வேகத்துல சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். திடீர்னு ஒண்ணு நிக்கப் போற மாதிரி இருந்தா அதுக்குப் போற பிரேக் ஆயில் அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டு, மறுபடி பிடிக்கும். இப்படி ஒரு செகண்டுக்குப் பல தடவை. காலுக்குக் கீழ கடகடன்னு உதைக்கிறது அதுதான். அந்த உதைப்புக்குப் பயந்து காலை எடுத்துரக் கூடாது. நானே எடுத்தவன்தான். மருமகன் காரை முதல்முறை ஓட்டுறப்ப, பழைய ஜீப்பு பழக்கத்துல பிரேக்கை விட்டு விட்டு மிதிச்சேன். "மாமா, அந்த வேலைய வண்டி பாத்துக்கும், நீங்க அழுத்திப் பிடிங்க"ன்னார். முப்பது வருசப் பழக்கம், கால் கேக்க மாட்டேங்குது.

சக்கரம் சுத்திக்கிட்டே நின்னாத்தான் ஸ்டியரிங் பேச்சைக் கேக்கும். ஏபிஎஸ் வந்ததே அதுக்காகத்தான். நிறுத்துற தூரம் எப்பவும் குறையும்னு ஒரு நினைப்பு பலபேருக்கு இருக்கு. நல்ல தார்ல, மழைத்தண்ணில பெரும்பாலும் குறையும். சரளை மண்ணுல கதை வேற. லாக் ஆன சக்கரம் கல்லை முன்னால குமிச்சு, அந்தக் குமியே அணை மாதிரி வண்டிய நிறுத்தும். ஏபிஎஸ் லாக் ஆக விடாததால அங்க வண்டி இன்னும் கொஞ்சம் தூரம் உருளும். அதனாலதான் கேடிஎம் 390 அட்வெஞ்சர் மாதிரி பைக்குகள்ல ஆஃப்ரோடு மோடுன்னு வச்சு, பின் சக்கர ஏபிஎஸ்ஸை ஓட்டுறவரே நிறுத்திக்க விட்டிருக்காங்க. எங்க ரோட்டுல மழை பெஞ்சா வளைவுக்கு வளைவு சரளை அடிச்சுக்கிட்டு வந்து தார் மேல படுத்துக்கும். பாதி சக்கரம் தார்ல, பாதி சக்கரம் கல்லுல. எழுபது கொண்டை ஊசி வளைவுல எதுல அது கிடக்கும்னு எங்களுக்கே தெரியாது.

இனி டயர் விஷயம். கம்பெனி 31 இன்ச் உயரத்துக்கு டயர் குடுத்திருக்கு, நீங்க 33 போடுறீங்கன்னு வைங்க. பிரேக் அதேதான், நெம்புகோல் நீண்டு போச்சு. அதே மிதிக்கு தரையில கிடைக்கிற பிடி நூத்துக்கு ஆறு பங்கு குறையும். மீட்டர் 60 காட்டுறப்போ நிஜமா 64 கிட்ட போவீங்க. டயர் கனமும் கூடுது. கனமான சக்கரம் மெதுவாத்தான் நிக்கும், விட்டா மெதுவாத்தான் மறுபடி சுத்தும். கம்ப்யூட்டர் தாளம் போடுறது கம்பெனி டயர் கணக்குக்கு. நாலும் ஒரே அளவா இருந்தா ஏபிஎஸ் எப்படியோ சமாளிக்கும். காசு பத்தலன்னு முன்னால ரெண்டு புதுசு, பின்னால ரெண்டு பழசுன்னு போட்டீங்கன்னா, எது வழுக்குது எது ஒழுங்கா உருளுதுன்னு அதுக்குக் குழம்பிரும். உசத்தின வண்டி பிரேக் போட்டா மூக்கை அதிகமாக் குத்தும், பின் சக்கரம் லேசாயிரும். கூரை மேல கூடாரம் வேற இருந்தா சொல்லவே வேண்டாம்.

இன்னொண்ணு. ஏபிஎஸ்ஸுக்குப் பிரேக்கை விட்டுப் பிடிக்கத்தான் தெரியும். சூடேறிச் செத்துப்போன பிரேக்குக்கு உசிர் குடுக்கத் தெரியாது. எழுபது வளைவும் காலை பிரேக்குலயே வச்சு இறங்கினா கீழ போறப்போ அது வெறும் பெடல்தான். எந்த கியர்ல ஏறினியோ அதுலயே இறங்குன்னு எங்க பெரியவங்க சொல்றது லாரிக்காரங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. பெரிய டயர் போட்டா இஞ்சின் பிடிக்கிற பிடியும் குறையுது, அதனால வழக்கத்தைவிட ஒரு கியர் கீழயே போட்டாலும் தப்பில்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சிலர் கேப்பீங்க. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல, பதிவுச் சான்றுல இருக்கிற தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அதே வருசம் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ஆனா சட்டத்தை வச்சு உங்களை மிரட்டுற யோக்கியதை எனக்கில்ல. வாழைத்தார் ஏத்துறதுக்காக என் ஜீப்புலயும் ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை சேத்திருக்கேன். மலையில மாத்தாத ஜீப்பு எங்க இருக்கு? வித்தியாசம் என்னன்னா, என் ஜீப்புல ஏபிஎஸ் கிடையாது, கிடையாதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தக்கன இருபதுல இறங்குவேன். அந்தத் தம்பி, இருக்குன்னு நம்பி நாப்பதுல வந்தார். வேகம் ரெட்டிப்பானா பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு.

எனக்குக் கோவம் அவர் மேல இல்ல. லட்சக்கணக்குல வாங்கிக்கிட்டு டயரையும் லிஃப்டையும் மாட்டிவிட்டு, எரியிற விளக்குக்கு "அப்படித்தான்"னு சொல்லி அனுப்பின ஆள் மேலதான். பிரேக் ஒயரை நீளமா மாத்திக் குடுக்கிறது அவங்களுக்கு அரை நாள் வேலை. அது போட்டோவுல தெரியாது, அதனால செய்யல. காசு குடுக்கிற நீங்களும் கேக்குறதில்ல. டயரைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுற நண்பர்கள் பிரேக் பேடைப் பத்திப் பேசி நான் கேட்டதே இல்ல.

வாங்க, வரவேண்டாம்னு சொல்லல. நீங்க வந்தாத்தான் எங்க பலாவும் அன்னாசியும் மலை மேலயே விக்கும். வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. சாவியைத் திருப்பினதும் ஏபிஎஸ் விளக்கு எரிஞ்சு, சில நொடியில அணையணும். அணையலைன்னா கோளாறு. எரியவே இல்லைன்னா அது இன்னும் மோசம், யாரோ பல்பையே பிடுங்கியிருக்கலாம். அப்புறம் ஆளில்லாத மைதானமாப் பாத்து, பின்னால வண்டி வரலைன்னு பாத்துக்கிட்டு, முப்பது கிலோமீட்டர் வேகத்துல பிரேக்கை முழுசா மிதிச்சுப் பாருங்க, முதல்ல தார்ல, அப்புறம் சரளையில. பெடல் உதைக்குதா, ஸ்டியரிங் திரும்புதா, எத்தனை அடியில நிக்குதுன்னு காலடி வச்சு அளந்துக்கங்க. சரளையில நீங்க அளந்த அந்தத் தூரத்துக்குள்ளதான் நாங்க பழம் அடுக்கி உக்காந்திருப்போம்.

பதினோரு பழத்துக்கும் அந்தத் தம்பி காசு குடுத்துட்டுத்தான் போனார். நான் எட்டுக்குத்தான் வாங்கினேன். மூணு பழம் உடைஞ்சாலும் சுளை நல்லா இருந்துச்சு, அவரோட வந்தவங்களும் நாங்களும் அங்கயே உக்காந்து தின்னுட்டோம்.