யாரைக் கேட்டுக் கட்டினீர்கள்?

ஏழைக்கு மாடிவீடு கட்டிக் கொடுத்தால் அதை அவன் பாழாக்கிவிடுகிறான் என்ற பேச்சை நாம் நெடுநாளாகக் கேட்டுவருகிறோம். குடிசையில் பிறந்தவனுக்கு மாடியில் வாழத் தெரியாதாம்; மின்தூக்கியை உடைக்கிறானாம்; படிக்கட்டில் குப்பை கொட்டுகிறானாம். கொழும்பிலும் இதே பேச்சு. பாரிஸிலும் இதே பேச்சு. இது பொய் என்று நாம் சொல்கிறோம். குற்றம் குடியிருப்பவனுடையது அன்று. அவனைக் கேளாமல் வரைந்த வரைபடத்தினுடையது. அவனைக் கேட்கவே தேவையில்லை என்று தீர்மானித்த அதிகாரத்தினுடையது.

கடலும் பனையும் சூழ்ந்த அல்லைப்பிட்டிக்கும் மாநகரத்து அடுக்குமாடிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. வேலணைத் தீவின் இச்சிற்றூரை 1990 இலும் 2006 இலும் போர் வெறுமையாக்கியது. 2006 மே 13 ஆம் நாள் மட்டும் இங்கே 13 பேர் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியவர்களிற் பலர் கடல் கடந்தனர். முற்றத்தில் வளர்ந்தவர்கள் தொடர்மாடிவாசிகள் ஆயினர். இவ்வூரிற் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி தலைமைப் பாத்திரம் ஏற்ற 'தீபன்' திரைப்படம் 2015 இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. அதில் அவர் ஏற்ற பாத்திரம் எது? பாரிஸ் புறநகர்க் குடியிருப்புத் தொகுதி ஒன்றைக் கூட்டித் துடைத்துக் காவல் புரியும் அகதி. எனவே அடுக்குமாடியைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. அதைத் துடைப்பவனும் நம்மவன். அதில் மூச்சுத் திணறுபவனும் நம்மவன்.

அந்தப் பிரெஞ்சுத் தொகுதிகள் எவ்வாறு எழுந்தன? இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சிலே வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1950களிலிருந்து ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரே இடத்தில் அடுக்கிக் கட்டினர். வார்ப்புப் பலகைகளைச் சுமந்த பாரந்தூக்கிகள் தண்டவாளத்தில் ஓடின; பல இடங்களில் அந்தத் தண்டவாளம் சென்ற கோட்டிலேயே கட்டிடங்களும் நீண்டு நின்றன. மனிதன் எங்கே நடப்பான், குழந்தை எங்கே விளையாடும் என்பதைவிட இயந்திரம் எங்கே திரும்பும் என்பதே பெரிதாயிற்று. 1973 இல் அரசே இத்தகைய தொகுதிகளை நிறுத்தும்படி சுற்றறிக்கை விடுத்தது. 2003 இல் அவற்றை இடித்துத் திருத்தச் சட்டம் இயற்றியது. கட்டும்போதும் குடியிருப்பவனைக் கேட்கவில்லை. இடிக்கும்போதும் அவன் சொல் அம்பலம் ஏறுவது அரிதாகவே இருந்தது.

பிரான்சு கைவிட்ட பாதையில் கொழும்பு நடக்கத் தொடங்கியது. வனாத்தமுல்லையில் 14 மாடிகளும் 671 வீடுகளும் கொண்ட சகஸ்புர 2001 இல் எழுந்தது. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபையே பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. வீடு கட்டும் பொறுப்பு படைத்துறையின் வாசலுக்குப் போன விந்தையை வேறெங்கு காண்போம்! அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் மக்களின் வீடுகள் இடித்து அகற்றப்பட்டன. பின்னர் வந்த நகரப் புத்துயிர்ப்புத் திட்டம் தன் நோக்கத்தை ஒளிக்கவில்லை: ஏழைகள் இருக்கும் விலையுயர்ந்த நிலத்தை 'விடுவிப்பது'. யாரிடமிருந்து விடுவிப்பது? அதன்மேல் வாழ்ந்தவர்களிடமிருந்து!

நோக்கம் நிலமானால், வீடு அதன் எச்சமாகத்தான் இருக்கும். நடுவே நடைவழி, இருபுறமும் கதவுகள் என்று கட்டினால் காற்று குறுக்கே ஓடாது. கொழும்பின் புழுக்கத்தில் அது வீடன்று, அடுப்பு. விடியற்காலையில் வாசலில் அப்பம் சுட்டு விற்ற பெண்ணைப் பத்தாம் மாடியில் ஏற்றிவிட்டால் அவளிடம் யார் வாங்குவார்? முச்சக்கர வண்டியே பிழைப்பானவன் அதை எங்கே கண்முன் நிறுத்துவான்? பழுதான மின்தூக்கிக்குக் காத்திருக்கும் மூதாட்டிக்கு அந்த மாடி சிறையன்றி வேறென்ன? இக்கேள்விகளுக்கு விடை கூறப் பொறியியல் மேதை வேண்டியதில்லை. அந்தப் பெண்ணைக் கேட்டாலே போதும்.

கேளாமையின் விலை சில வேளை உயிர். லண்டனில் 24 மாடிக் கிரென்பெல் கோபுரத்துக் குடியிருப்பாளர்கள் தீ அபாயத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தனர். செவிமடுப்பார் இல்லை. புதுப்பித்தபோது எளிதில் தீப்பற்றும் தகடுகளைச் சுவரில் போர்த்தினர். 2017 ஜூன் 14 அன்று மூண்ட தீ 72 பேரின் உயிரைக் குடித்தது.

கேட்டுக் கட்டுவது கூடாத காரியமா? நம் நாட்டிலேயே மின்னெற் டி சில்வா என்னும் கட்டிடக் கலைஞர் 1950களில் கண்டி வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்துக்காக, அங்கு வாழவிருந்தவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்தம் வாழ்க்கைமுறையை அறிந்த பின்னரே வரைபடம் வரைந்தார். பாரிஸில் 1960களின் புவா-லெ-பிரேத்ர் கோபுரத்தை இடிக்க எண்ணியிருந்தனர். லக்காத்தோன், வசால், துருவோ ஆகிய மூவரும் இடிக்காமல், குடியிருப்பாளர்களை வெளியேற்றாமல், ஒவ்வொரு வீட்டின் வெளிப்புறத்திலும் வெயில் புகும் கூடத்தையும் மாடத்தையும் இணைத்து 2011 இல் அதை விரித்துக் கொடுத்தனர். இடித்துக் கட்டுவதைவிடச் செலவும் குறைவு.

பழமைக்குத் திரும்புங்கள் என்று நாம் கூறுவதாக யாரும் மயங்க வேண்டாம். எங்கள் ஊர்ப்புறத்துச் சங்கடப்படலை வழிப்போக்கன் இளைப்பாற நிழல் தந்தது உண்மை. தன் எல்லையில் பிறனுக்கும் இடம் ஒதுக்கிய அந்த எண்ணம் உயர்ந்ததே. ஆனால் அதே நாற்சார் வீட்டின் உள்முற்றம், சாதியின் பெயரால் உழைப்பாளிக்கு அடைபட்டிருந்ததும் உண்மை. அந்தக் கதவு நமக்கு வேண்டாம். நெருங்கிய நகரில் நிலம் குறைவு, மாடி தேவை. ஒரே படிக்கட்டில் எல்லோரும் ஏறி இறங்கும் கட்டிடம் பழைய முற்றத்தைவிட நியாயமானதாக இருக்க முடியும். இருக்க முடியும் என்கிறோம், தானாக இருந்துவிடாது.

ஆகவே நாம் கோருவது சிறியது. வரைபடம் முடிவாகுமுன் குடியேறப்போவோரின் பொதுக்கூட்டத்தில் அது விரிக்கப்பட வேண்டும். அவர்கள் மறுத்தால் மாற்றப்பட வேண்டும். காற்றும் வெளிச்சமும் சலுகையாக அன்றிச் சட்ட உரிமையாக எழுதப்பட வேண்டும். மின்தூக்கியைப் பேணும் செலவு கட்டிடச் செலவோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும். தொழில் செய்யும் கைகளுக்குத் தரைத்தளத்தில் இடம் வேண்டும்.

இவை கிடைத்த பின்னும் ஏழை மாடியைப் பாழாக்கினால் அப்போது கனவான்கள் பேசட்டும். அதுவரை கேள்வி கேட்கும் முறை நம்முடையது: யாரைக் கேட்டுக் கட்டினீர்கள்?