மாத்திரை வாங்க நெல்லைவரை ஏன் போக வேண்டும்?

தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூரிலிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பாவூர்சத்திரம் வந்து பேருந்து பிடித்து, ஆலங்குளம் தாண்டி, நெல்லையில் இன்னொரு பேருந்து மாறிப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இறங்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இது அலைச்சல். ஒரு நாளில் பத்துத் தடவை ரத்தமும் சளியுமாக வெளிக்குப் போகிறவருக்கு நடக்காத காரியம். முந்தின இரவே பட்டினி கிடந்து வெறும் வயிற்றோடு பேருந்து ஏறுகிறவர்கள் உண்டு. ரயிலில் கழிப்பறை இருக்கிறது. ஆனால் நினைத்த நேரத்துக்கெல்லாம் ரயில் இல்லையே!

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனும் பெருங்குடல் அழற்சி, குரோன் நோய் இரண்டிலும் உடலின் எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்குகிறது. இவை தொற்றாது; காரம் தின்று வந்ததும் அல்ல. அடக்கிவைக்க மருந்து உண்டு, அடியோடு தீர்க்க இல்லை. வெள்ளைக்காரர் நோய் என்று மருத்துவர்களே நெடுநாள் நினைத்திருந்தார்கள். பஞ்சாபில் வீடு வீடாக 51,910 பேரைப் பார்த்து 2003இல் வெளியான ஆய்வு, லட்சத்துக்கு ஏறத்தாழ 44 பேருக்குப் பெருங்குடல் அழற்சி இருப்பதாகச் சொன்னது.

நம் பக்கத்தில் ரத்தம் போனால் முதலில் மூலம் என்பார்கள். சுவரெல்லாம் ‘மூலம், பவுத்திரம்’ விளம்பரம்தான். அந்தப் பவுத்திரமே குரோன் நோயின் அடையாளமாக இருக்கலாம் என்பதை எந்தச் சுவரும் சொல்வதில்லை. அதைத் தாண்டி வந்தால் காசநோய்க் குழப்பம். உள்நோக்கிக் கருவியில் பார்த்தால் குடல் காசநோயும் குரோன் நோயும் அண்ணன் தம்பி போலத் தெரியும். குரோன் நோய்க்குக் காசநோய் மாத்திரை கொடுத்தால் மாதங்கள் வீண். காசநோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தும் முடிவு சொல்ல முடியாத நேரங்கள் உண்டு. எனவே நோயைக் கண்டறியப் பெரிய மருத்துவமனைக்குப் போவதில் நமக்கு மறுப்பில்லை.

அதன்பிறகும் ஏன் மாதாமாதம் போக வேண்டும்? மெசலமைன், அசதியோப்ரின் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். அலைய முடியாமல் விட்டால் நோய் திரும்புகிறது. அப்போது கைகொடுப்பது பழைய சீட்டும் பக்கத்து மருந்துக்கடை ஸ்டீராய்டும். உடனே கேட்கும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும்.

தமிழ்நாடு அரசுக்கு இதன் தீர்வு தெரியாததல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவருகிறது. அதே பையில் மெசலமைனும் வரட்டும். நோயாளிகள் கொஞ்சம் பேர்தானே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கான திரவப் பையை அதே திட்டம் கொடுக்கிறது, சரியாகவே கொடுக்கிறது. அசதியோப்ரின் சாப்பிடுவோருக்கு அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கான ரத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து அனுப்பலாம். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு ஏற்றும் இன்ஃபிளிக்சிமாப், தொடக்கத் தவணைகளுக்குப் பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை சில மணி நேரம் சொட்டு சொட்டாக ஏற்ற வேண்டியது. தொடங்கும் முன் காசநோய் இல்லையென்று உறுதிசெய்தாக வேண்டும், ஏற்றும்போது ஒவ்வாமையைக் கவனிக்க ஆள் வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இது எட்டாத வேலையல்ல.

மருந்து ஒருபுறம் இருக்க, சட்டத்தின் கையும் இவர்களுக்கு எட்டவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஹீமோபிலியாவும் தலசீமியாவும் அதில் உண்டு, குடல் அழற்சி இல்லை. அதைத் திருத்த டெல்லி மனம் வைக்க வேண்டும், நாளாகும். தென்காசியில் நடக்கக்கூடியதற்கு அவ்வளவு நாள் தேவையில்லை. 2019 நவம்பர் 22இல் தனி மாவட்டமானது, எதற்கெடுத்தாலும் நெல்லைக்கு ஓடாமலிருக்கத்தானே? வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்து, குடல்நோய் மருத்துவர் ஒருவரை நெல்லையிலிருந்து தென்காசி அரசு மருத்துவமனைக்கு வரவழைக்க மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் இந்த ஆண்டே ஏற்பாடு செய்ய வேண்டும்.