பி.எஃப். பணத்தில் சிகரெட் பங்கு

புற்றுநோய் மருத்துவமனைச் செவிலியர் ஒருவருக்கு இ.பி.எஃப். கணக்கு இருந்தால், அவர் சேமிப்பில் ஒரு துளி சிகரெட் நிறுவனத்துக்கும் போகிறது. 2015 முதல் இ.பி.எஃப்.ஓ. நிஃப்டி, சென்செக்ஸ் குறியீடுகளைப் பின்பற்றும் இ.டி.எஃப்.களில் முதலீடு செய்கிறது, இரண்டிலும் சிகரெட் தயாரிக்கும் ஐ.டி.சி. உண்டு.

அவரை யாரும் கேட்கவில்லை.

புகையிலைப் பங்குகளிலிருந்து விலகினால் நட்டமா? சில நேரம் ஆமாம். கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியமான கால்பெர்ஸ், 2000இல் புகையிலைப் பங்குகளைக் கைவிட முடிவெடுத்தது. அவை பிறகு கிடுகிடுவென ஏறின. கைநழுவிய லாபம் சுமார் 300 கோடி டாலர் என்று அதன் ஆலோசகர்களே கணக்குக் காட்டினார்கள். ஆனாலும் 2016இல் நிர்வாகக் குழு தடையை நீக்கவில்லை. வெளி மேலாளர்கள் கையாளும் முதலீடுகளுக்கும் அதை நீட்டித்தது.

எனவே, அறம் பார்த்தால் லாபமும் கூடும் என்ற விற்பனைப் பேச்சை நம்பி ஏமாற வேண்டாம். சூழல், சமூகம், நிர்வாகம் பார்த்து முதலீடு செய்யும் இ.எஸ்.ஜி. ஃபண்டில் சேருமுன் முதல் 10 பங்குகளையும் செலவு விகிதத்தையும் பார்ப்பது நல்லது. மொத்தமாகப் போட்ட பணத்தில் ஆண்டுக்கு 1 சதவீதக் கூடுதல் செலவு, 30 ஆண்டில் முடிவுத் தொகையின் கால் பங்கை விழுங்கிவிடும்.

செவிலியருக்கோ பி.எஃப். பணத்தில் இந்தத் தேர்வே இல்லை. சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் பணத்துக்குப் புகையிலை கலக்காத ஒரு மாற்றுத் திட்டத்தை இ.பி.எஃப்.ஓ. அறங்காவலர் குழு பரிசீலிக்கவாவது வேண்டும்.