மண்பாண்டத்தில் பொக்கிஷம்



“என் முன்கோபம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லையே, அக்கம்பக்கத்தாருக்கு நான் எப்படிச் சாட்சியாயிருப்பேன்?” என்று உங்களில் அநேகர் கலங்குகிறீர்கள்.

மைசூர் இரயிலில் செல்லும்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கண்டிருப்பீர்கள். திருச்சியிலும் தஞ்சையிலும் ஊழியஞ்செய்த சுவார்ட்ஸ் ஐயர், 1779-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக அங்கே சென்று, மைசூரை ஆண்ட ஹைதர் அலியைச் சந்தித்தார். கம்பெனியாரின் வாக்கை ஹைதர் நம்பவில்லை. ஆனால் இந்தக் கிறிஸ்தவர் தம்மை வஞ்சிக்கமாட்டார் என்று நம்பினார். வழிச்செலவுக்கென்று ஹைதர் அளித்த 300 ரூபாயையும் ஐயர் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், தஞ்சையில் ஒரு தர்மப் பள்ளிக்கென்று ஒதுக்கினார். அவர் நாடிச் சென்ற சமாதானம் நிலைக்கவில்லை. 1780-இல் போர் மூண்டது. ஆயினும் அவரைத் தடையின்றிப் போகவிடும்படி ஹைதர் தம் சேனைக்குக் கட்டளையிட்டார்.

சிந்தித்துப் பாருங்கள். ஹைதர் அவரிடம் கண்டது குறையே இல்லாத பூரணத்தை அன்று. பொய்யற்ற நாவையும் பொருளாசையற்ற கையையுமே. சுவார்ட்ஸ் ஐயரும் கிருபையினால் இரட்சிக்கப்பட்ட ஒரு பாவியே. பொக்கிஷம் மண்பாண்டத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது (2 கொரி. 4:7).

ஆகவே, வீட்டு வாடகையைச் சொன்ன தேதியில் கொடுங்கள். சீட்டுப் பணத்தில் உண்மையாயிருங்கள். தண்ணீர்க் குழாயடியில் கடுஞ்சொல் பேசிவிட்டீர்களானால், ஞாயிறு ஆராதனைக்குப் போகுமுன் அந்த வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேளுங்கள். தன் குறையை மறைக்கிறவனை அல்ல, அதை ஒப்புக்கொள்ளுகிறவனையே அயலார் நம்புவார்கள். அப்பொழுது இயேசுவைக்குறித்து நீங்கள் சொல்லும் வார்த்தைக்கும் செவிகொடுப்பார்கள்.

கர்த்தர்தாமே உங்களைப் பலப்படுத்துவாராக. ஆமென்.