கிண்டியில் இலவசம், ஆவடியில் காசு: ஒரே ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஏன் இந்த வித்தியாசம்?

பயோடெக்னாலஜி கடைசி வருஷம். புராஜெக்ட் ரிப்போர்ட் முடிக்கணும். கூகுளில் தேடியதும் சரியான கட்டுரை சிக்குகிறது. கிளிக் செய்தால் பத்து வரிச் சுருக்கம் மட்டும்தான். மீதியைப் படிக்க பணம் கட்டச் சொல்கிறது. ஆவடி, பூந்தமல்லி சுற்றுவட்டாரத் தனியார் கல்லூரிகளில் படிக்கும் பலருக்கு இது பழகிப்போன காட்சி. இதே கட்டுரையை ஐஐடி மெட்ராஸிலோ அண்ணா பல்கலைக்கழகத்திலோ படிப்பவர் காசில்லாமல் டவுன்லோடு செய்துவிடலாம்.

அப்படி என்ன இருக்கு அந்த இதழில்?

உதாரணத்துக்கு 'பயோகெமிக்கல் இன்ஜினியரிங் ஜர்னல்'. எல்சேவியர் நிறுவனம் 1998-ல் இருந்து நடத்தும் இதழ். நுண்ணுயிரிகளைத் தொழிற்சாலை அளவில் வேலை வாங்குவது எப்படி என்பதுதான் இதன் களம்.

நம்ம வீட்டு இட்லி மாவையே எடுத்துக்கோங்க. சின்னப் பாத்திரத்தில் அழகாகப் பொங்கும். அதையே ஒரு பெரிய டிரம்மில் புளிக்க வைத்தால் நடுவில் சூடு தேங்கும், ஓரத்தில் ஒரு பதம், உள்ளே ஒரு பதம். ஆய்வகக் குடுவையில் நன்றாக வளரும் பாக்டீரியா, ஆயிரக்கணக்கான லிட்டர் தொட்டியில் ஆக்சிஜன் கிடைக்காமல் திணறுவதும் இதே கதைதான். மருந்து, என்சைம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் வரும். கோயம்பேட்டில் கழிவுநீரை சுத்திகரித்து, தினமும் 4.5 கோடி லிட்டர் வரை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019-ல் திறக்கப்பட்டது. அங்கேயும் கழிவுநீரைச் சுத்திகரிப்பதில் பாக்டீரியாக்களுக்கு வேலை உண்டு. அந்த வேலைக்குப் போக வேண்டியவர்கள் இந்த மாணவர்கள்.

காசு யார் கட்டுகிறார்கள்?

2024 நவம்பர் 25-ல் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை 3 ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. எல்சேவியர் உட்பட 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். பயன்பெறுவோர் 6,300 நிறுவனங்கள், ஏறக்குறைய 1.8 கோடி பேர். பெரிய திட்டம், நல்ல திட்டம்.

ஆனால் இது மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு மட்டும். சுயநிதிக் கல்லூரிகளும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இதில் இல்லை. மேற்குப் புறநகரில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார்தான். வசதியுள்ள கல்லூரி தானாகச் சந்தா கட்டிவிடும். மற்ற கல்லூரி மாணவர் ஒரு கட்டுரைக்கு 30 டாலர், அதாவது ரூ.2,500-க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். 'தனியார் கல்லூரிதானே, ஃபீஸ் வாங்குறாங்களே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ரூ.6,000 கோடி எல்லாருடைய வரிப்பணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் பார்த்து பிள்ளையைப் படிக்க வைக்கும் அப்பாவின் வரியும் அதில்தான் இருக்கு.

இன்னொரு விஷயம். கட்டுரை எழுதுபவருக்கோ, அதைச் சரிபார்க்கும் சக விஞ்ஞானிக்கோ பதிப்பகம் பெரும்பாலும் பணம் தருவதில்லை.

சை-ஹப் என்ன ஆச்சு?

கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பக்யான் 2011-ல் தொடங்கிய இந்தத் தளத்தில்தான் பல மாணவர்கள் கட்டுரைகளை எடுத்து வந்தார்கள். எல்சேவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஆகியவை 2020-ல் தொடர்ந்த வழக்கில், அதை இந்தியாவில் முடக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. பதிப்புரிமைச் சட்டப்படி பதிப்பகங்களின் வாதத்தில் பலம் இருக்கலாம். ஆனால் பின்வாசல் மூடப்பட்டபோது, தனியார் கல்லூரி மாணவருக்கு முன்வாசல் திறந்திருக்கவில்லை.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பைத் தட்டிப் பாருங்கள். சில நேரம் இலவசப் பிரதி அங்கேயே இருக்கும். இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தளத்தில் கிடைக்கின்றன. எதுவும் கிடைக்காவிட்டால் கட்டுரையாளருக்கே மெயில் போடுங்கள். முகவரி பெரும்பாலும் சுருக்கம் இருக்கும் பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் யார், எதற்காகத் தேவை என்று நாலு வரி போதும்.