நாலு மீட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

“கொஞ்சம் உயரமான வண்டியா வேணும். புதுசு எடுக்கலாமா, ரெண்டு மூணு வருஷம் ஓடினது எடுக்கலாமா?” சொந்தக்காரர் வீட்டு விசேஷம், அலுவலகம், அடுக்ககத்து லிஃப்ட் என எங்கே போனாலும் இந்தக் கேள்வி வருகிறது. சின்ன எஸ்.யூ.வி. என்பது இன்று நடுத்தரக் குடும்பத்தின் முதல் கார் ஆகிவிட்டது. வீட்டுக்கு அடுத்தபடியாக அந்தக் குடும்பம் போடும் பெரிய பணமும் அதுதான். அதனால் பதிலையும் பொறுப்போடு சொல்ல வேண்டும். நான் சொல்லும் பதில் இது: நாலு மீட்டருக்குள் அடங்கும் வண்டி என்றால் புதுசாக வாங்குங்கள். நாலு மீட்டரைத் தாண்டியதுதான் வேண்டும் என்றால், நன்றாகப் பார்த்துக்கொண்ட பழைய வண்டியைத் தேடுங்கள்.

காரணம் வரி. நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்கும் கார்களுக்கு 2006 மத்திய பட்ஜெட்டில் உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். அன்று போட்ட கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. 2013-இல் மறைமலை நகர் ஆலையிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வந்தபோது, அந்த நீளத்துக்குள்ளேயே எஸ்.யூ.வி. தோற்றம் கொடுக்க முடியும் என்று தெரிந்தது. பின்னாலேயே வந்த பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ மூன்றும் 3,995 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டரை மிச்சம் வைத்து நிற்கின்றன. இந்தியக் கார் வடிவமைப்பில் வரிச் சட்டத்தின் கை எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. கோட்டுக்குள் இருக்கும் கார்களுக்கு 18 சதவீதம். தாண்டியவற்றுக்கு 40 சதவீதம். அதன்மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 2023 நவம்பர் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதம்.

இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவோம். கம்பெனி எட்டு லட்சத்துக்குக் கொடுக்கும் சின்ன வண்டி, ஜி.எஸ்.டி. சேர்ந்து ஷோரூமில் 9.44 லட்சம் ஆகிறது. ஆயுள் வரி சுமார் 1.23 லட்சம். ஆக எட்டு லட்சத்துப் பொருளுக்கு வரி 2.67 லட்சம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. இப்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் வருவோம். கம்பெனி பத்து லட்சத்துக்குக் கொடுப்பது ஷோரூமில் பதினாலு லட்சம். ஆயுள் வரி 2.52 லட்சம். பத்து லட்சத்துப் பொருளுக்கு வரி மட்டும் ஆறரை லட்சத்துக்கு மேல். இன்சூரன்ஸ் இன்னும் வரவில்லை, கடன் வட்டி வரவில்லை.

மூன்று வருடம் கழித்து அந்தப் பெரிய வண்டியை விற்கும்போது, “நான் ரெண்டரை லட்சம் ஆயுள் வரி கட்டியிருக்கேன்” என்று யாரும் தனியாகக் கேட்டு வாங்க முடியாது. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியாக இருந்தால், அடுத்தவர் பெயருக்கு மாறும்போது அந்த வரியை மறுபடி கட்ட வேண்டியதும் இல்லை. புது வண்டியின் விலையைப் பார்த்துத்தான் பழையதன் விலையும் நிற்கிறது என்பதால் வரியின் சாயல் அதிலும் கொஞ்சம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பங்கை முதல் உரிமையாளர் சுமந்து முடித்திருப்பார். க்ரெட்டா, செல்டாஸ், குஷாக், டைகுன் அளவு வண்டிகளைப் பழசாகப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். சின்ன வண்டியில் முதல் உரிமையாளர் இழக்கும் தொகையே குறைவு. அங்கே கம்பெனி வாரன்ட்டியும் புது டயரும் ஒளிவுமறைவு இல்லாத வரலாறும் கிடைக்கிறபோது பழசுக்குப் போவதில் பெரிய லாபம் இல்லை.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, நீளம் மட்டும் போதாது. பிரெஸ்ஸா நாலு மீட்டருக்குள்தான், ஆனால் அதன் பெட்ரோல் என்ஜின் 1462 சி.சி. அதனால் 40 சதவீதத்தில்தான் வருகிறது. இரண்டு, பத்து லட்சம் என்கிற கோடு. 9,90,000 ரூபாய் வண்டிக்கு ஆயுள் வரி 1,28,700. சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு அடுத்த வேரியன்ட் 10,10,000 ரூபாய்க்குப் போனால் 1,81,800. இருபதாயிரம் ரூபாய் வித்தியாசம் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வது கடைசியில் எழுபத்து மூவாயிரமாகக் கையைக் கடிக்கும். கொட்டேஷன் வாங்கும்போது ஆன்ரோடு விலையைத்தான் வரிசையாக எழுதி ஒப்பிட வேண்டும்.

இவ்வளவு பணம் போட்டு இந்த உயரம் தேவைதானா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. இந்த வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கரத்தில் இழுக்கிற சாதாரணக் கார்கள்தான். பெலேனோவின் அடித்தளத்தின்மேல் நிற்பதுதான் ஃப்ராங்ஸ். காட்டுப் பாதையிலும் ஆற்று மணலிலும் இறக்குவதற்கானவை அல்ல. ஆனால் ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர், நெக்ஸானுக்கு 208. தெருவுக்குத் தெரு அவரவர் போட்ட வேகத்தடை, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடாத பள்ளம், ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயர்ந்துகொண்டே போகும் சாலை; இவற்றுக்கு நடுவில் நாலரை சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

அதைவிடப் பெரியது இருக்கையின் உயரம். மூட்டுவலி உள்ள அம்மா தாழ்வான காரில் ஏறும்போது ஏறக்குறைய குந்தி உட்கார வேண்டும். இறங்கும்போது யாராவது கை கொடுத்துத் தூக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் இருக்கை இருந்தால் அப்படியே நகர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுப் பெரியவரை அழைத்துப் போய்ப் பின் கதவில் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் முகம் சொல்வதை எந்த விளம்பரமும் சொல்லாது. ஓட்டுகிறவருக்கு வண்டி பிடித்திருப்பதை விட இதற்கு அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

அடுத்தது பாதுகாப்பு. இங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உயரமாக இருப்பதாலேயே வண்டி பலமானது என்று பலர் நம்புகிறார்கள். மோதல் சோதனை அப்படிச் சொல்லவில்லை. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் நெக்ஸான். 2020-இல் எக்ஸ்.யூ.வி.300 வாங்கியது. அதைவிடப் பெரிய, விலை கூடிய செல்டாஸ் 2020-லும் க்ரெட்டா 2022-லும் மூன்று நட்சத்திரத்தோடு நின்றன. சோதனை விதிகளை இறுக்கிய பிறகு 2022-இல் முதலில் ஐந்து வாங்கியவை குஷாக்கும் டைகுனும். பின் இருக்கைக் குழந்தைகளுக்கான பாதுகாப்பிலும் ஐந்து. நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப் 2023 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், பழைய வண்டி வாங்குகிறவர் அந்தந்த ஆண்டு மாடலின் நட்சத்திரத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். நாலு மீட்டரைத் தாண்டிய பழைய வண்டி என்று என்னிடம் யாராவது கேட்டால், மறுவிற்பனைக்குப் பேர்போன வண்டியைச் சொல்வதற்கு முன்னால் குஷாக்கையும் டைகுனையும்தான் சொல்வேன்.

சரி, பழசுதான் என்று முடிவாகிவிட்டது. இனிமேல்தான் வேலை.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. அன்று அடுக்ககத்து அடித்தளத்தில் புத்தம்புதிதாக நின்ற வண்டிகள், இன்று நாம் தேடுகிற அதே வயதுக்கு வந்திருக்கின்றன. வெள்ளத்தில் முழுச் சேதம் என்று இன்சூரன்ஸில் முடிந்த வண்டி ஏலத்தில் போய், கழுவிக் காய்ந்து, பாலிஷ் போட்டு மறுபடி சந்தைக்கு வருவது வழக்கமாக நடப்பதுதான்.

என் மைத்துனருக்கு வண்டி பார்க்க ஒரு யார்டுக்குப் போயிருந்தோம். “சிங்கிள் ஓனர் சார், ஷோரூம் சர்வீஸ், வண்டிய வெளியூருக்கே எடுத்ததில்ல.” வெள்ளை வண்டி, கண்ணாடி போல் பளபளத்தது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தார். மார்புக்கு வந்த பிறகும் நிறுத்தாமல், இதற்குமேல் வராது என்கிற வரை இழுத்தார். கடைசி ஒரு முழத்தில், நெசவின் இடுக்கில், காய்ந்த சேற்று நிறத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. விரலால் தேய்த்து என்னிடம் காட்டினார்.

“சீட்டு, தரை மேட் எல்லாத்தையும் ஷாம்பு போட்டுக் கழுவிருவாங்க தம்பி. பெல்ட்டு சுத்துற உருளை தூணுக்கு அடியில இருக்கு. அதுக்குள்ள போன தண்ணி அங்கயேதான் காயும்.”

பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினார். குழியின் நடுவில் இருக்கும் போல்ட்டைச் சுற்றி மாவு போல வண்டல். முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்து ஸ்க்ரூவில் டார்ச் அடித்தார், துரு. யார்டுக்காரர், “தண்ணி டயர் பாதிக்குத்தாண்ணே வந்துச்சு” என்றார். அண்ணன் அவரிடம் வாதாடவில்லை. “போலாம் தம்பி” என்று கிளம்பிவிட்டார்.

வெளியே வந்து அவர் சொன்ன காரணம்தான் முக்கியம். என்ஜினை இறக்கிச் சரிசெய்துவிடலாம். ஆனால் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயரிங் ஓடுகிறது; ஏர்பேக்கை இயக்குகிற கணினிப் பெட்டியும் பெரும்பாலான கார்களில் கியருக்குக் கீழே தரையை ஒட்டித்தான் இருக்கிறது. இணைப்புகளில் பச்சை பூத்தால், ஒரு வருடம் கழித்து எந்த நேரத்தில் எது வேலை செய்யாது என்று யாராலும் சொல்ல முடியாது. மைத்துனர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

அன்றிலிருந்து எல்லாரிடமும் நான் சொல்லும் இன்னொரு சோதனையும் இதைச் சேர்ந்ததுதான். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பழுது என்று எல்லாருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். விளக்கின் இணைப்பையே யாரோ பிடுங்கியிருக்கலாம். கதவுக் கண்ணாடிகளின் மூலையில் பொறித்திருக்கும் தயாரிப்பு அடையாளங்களில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறதா என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் மூன்று வயது வண்டிக்கு நாலு டயரும் போன வருடத்தவை என்றால், மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று கம்பெனி சர்வீஸ் பதிவில் சரிபார்க்க வேண்டும்.

டீசலைப் பற்றி ஒரே வார்த்தை: தினமும் ஆறு கிலோமீட்டர் அலுவலகம் போய் வருகிறவருக்கு வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். பெட்ரோலில் பழசு எடுப்பவர் 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானதாகப் பார்த்தால், இப்போது பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலைத் தாங்கும் பாகங்களோடு இருக்கும்.

கர்நாடகா, டெல்லிப் பதிவு வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். அவற்றை இங்கே கொண்டுவந்தால் என்.ஓ.சி., மறுபதிவு, வண்டியின் வயதுக்கு ஏற்ற தமிழ்நாட்டு வரி என்று ஆரம்பிக்கும். நான் மேலே சொன்ன லாபமே அந்த வரியை மறுபடி கட்டாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

காகிதத்தில் சோம்பல் கூடாது. கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. டெலிவரி எடுக்கும் முன் பரிவாகன் தளத்தில் அடமானம், இன்சூரன்ஸ், கட்டாத அபராதம் மூன்றையும் பாருங்கள். பழைய காரைக் கொடுத்துவிட்டு வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. “அப்புறம் மாத்திக்கலாம் சார்” என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போட்ட படிவங்களோடு வண்டியை அனுப்பிவிட்டு உட்காராதீர்கள். ஒரு பகுதித் தொகையை நிறுத்தி வைத்துப் பெயர் மாறிய பிறகு தீர்த்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. வாங்கியவர் பதினாலு நாளுக்குள் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், அதனால் பிரீமியத்தில் வித்தியாசம் கட்டச் சொல்வார்கள். கட்டிவிட்டு, என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தாலும் செலவைத் தரும் என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனையும் சேர்க்க முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் அது இருப்பதில்லை.