மாண்புறு பணியை வரையறுப்பவர் யார்?

அனைவர்க்கும் மாண்புறு பணி வேண்டும் என்னும் கோட்பாட்டைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1999இல் முன்வைத்தது. வேலைவாய்ப்பு, உரிமை, குமுகக் காப்பு, கலந்துரையாடல் என்பன அதன் நான்கு தூண்கள். அதற்கேற்ப இலங்கையும் 2018–2022ஆம் ஆண்டுகட்கு ஒரு நாட்டுத்திட்டம் வகுத்தது.

இத்தகைய திட்டம் வரைய ஊதியத்திற்கு ஓர் அறிவுரைஞரை அமர்த்துவதில் தவறில்லை. கணக்குகளைத் தொகுக்கவும் வரைவை ஒழுங்குறுத்தவும் அவர் வேண்டும். ஆனால், எது மாண்புறு பணி என முடிவு செய்பவர் அவரா? அரசும் முதலாளியும் தொழிலாளியும் ஒருங்கமர்ந்து முடிவெடுப்பதன்றோ அவ்வமைப்பின் நெறி!

மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப்பெண், 1000 உருவா நாட்கூலிக்கே 2021 வரை காத்திருந்தாள். அவள் சொல்லை அவள் தமிழிலேயே கேளாத வரைவு, ஆங்கிலத்தில் எத்துணை அழகுறினும் வெற்றுத்தாளே! எனவே, அமர்த்தும் ஆணையிலேயே எழுதுக: முதலில் தோட்டத்திற்குச் செல்க, தமிழில் கேட்க, எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டுக, பிறகே கையொப்பம்!